வலி மாத்திரையை ஒரே நாளில் நிறுத்தலாமா?

ஆசிரியருக்கு,

வலி மாத்திரைகள் போதைக்காக விற்கப்படுவதைத் தடுக்கக் கெடுபிடி தேவைதான். அபின் போல வேலை செய்யும் வலி மாத்திரையான டிரமடாலும் 2018-இல் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்துக்குள் வந்தது. ஆனால், முதுகுவலிக்கு அதையே வருடக்கணக்கில் சாப்பிட்டவர் என்ன செய்வார்? சட்டென நிறுத்தினால் வியர்த்துக் கொட்டும், வயிறு போகும், தூக்கம் வராது. பழைய வலியும் சேர்ந்துகொள்ளும். ஓராண்டுக்கு மேல் சாப்பிட்டவருக்கு மாதம் 10 சதவீதமோ, அதைவிட மெதுவாகவோ குறைக்கச் சொல்கிறது 2022-இல் வந்த அமெரிக்க வழிகாட்டி.

டாக்டர் சீட்டு எழுதிவிட்டு அடுத்தவரைக் கூப்பிடுவார். கூட்டம் அப்படி. "சிஸ்டர், ராத்திரி தாங்கலை" என்ற புலம்பல் செவிலியரிடம்தான் வரும். குறைக்கும் வேகம் அதிகம் என்று டாக்டரிடம் சொல்ல அவருக்கு இடம் வேண்டும். தமிழக அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பிசியோதெரபி ஏற்கெனவே வீடு தேடி வருகிறது. அந்தப் பட்டியலில் மாத்திரையைக் குறைத்துவரும் இந்த நோயாளிகளையும் சேர்க்கலாமே.

– ஓய்வுபெற்ற செவிலியர், மதுரை