'எந்த மாசம் ஆரம்பிச்சுது?'

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

என் தம்பிக்கு 19 வயசுல சைக்கோசிஸ் (நிஜம் எது, மனசு காட்டுறது எதுன்னு பிரிச்சுப் பாக்க முடியாமப் போற மனநோய்) வந்துச்சு. மொதல்ல தூக்கம் போச்சு, அப்புறம் ஃப்ரெண்ட்ஸ் யார்கிட்டயும் பேசல, படிப்பு சரிஞ்சுது, கடைசில டிவில தன்னப் பத்தித்தான் பேசுறாங்கன்னு ஆஃப் பண்ணிட்டு உக்காந்திருப்பான். பரீட்சை டென்ஷன், வயசுக் கோளாறுன்னு சொல்லிச் சொல்லியே எட்டு மாசத்த ஓட்டிட்டோம்.

மாத்திரை ஆரம்பிச்ச டாக்டர்தான் கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் (மனநோய்க்கு பேசிப் பேசி சிகிச்சை குடுக்குறவங்க) ஒருத்தங்ககிட்ட அனுப்பினாரு. அந்த மேடம் ஆராய்ச்சியும் பண்றாங்க, சம்மதம் கேட்டு கையெழுத்து வாங்கிட்டு, ஆளே இல்லாம அவனுக்கு மொதமொத குரல் கேட்டது எந்த மாசம், பரீட்சைக்கு முன்னாடியா பின்னாடியா, அவன் பிறந்தநாளப்போ எப்படி இருந்தான்னு தோண்டித் தோண்டிக் கேட்டாங்க. எனக்கு செம எரிச்சல், லேட்டா கூட்டிட்டு வந்ததுக்கு குத்தம் சொல்றாங்களோன்னு. அப்புறம்தான் விளக்கினாங்க, சிகிச்சை இல்லாம போற அந்த நாள் கூடக்கூட பின்னாடி தேறி வர்றது கஷ்டமாகுதாம், அதத்தான் கணக்கெடுக்குறாங்க.

தம்பிகிட்ட 'அதெல்லாம் பொய்'னு அவங்க ஒரு தடவகூட சொல்லல (நாங்க தினமும் அதத்தான் கத்திட்டிருந்தோம்). 'டிவில உன்னத்தான் சொல்றாங்கன்னு எத வச்சு தோணுச்சு, வேற ஏதாவது காரணம் இருக்குமா'ன்னு அவனையே யோசிக்க வச்சாங்க. எங்களுக்கும் தனியா செஷன், திட்டுறதக் குறைக்க, மறுபடி வந்தா மொதல்ல என்ன மாறும்னு அவனோட உக்காந்து எழுதி வைக்க. மேஜிக் எல்லாம் இல்ல, பாதி நாள் வரமாட்டேன்னு அடம் புடிச்சான், ஆனா இப்ப திரும்ப படிக்கப் போறான்.

உங்களுக்கு எழுதக் காரணம் இதுதான். நார்வேல ஸ்டாவாங்கர் பக்கம் 1997ல இருந்து பேப்பர், ரேடியோ, சினிமா தியேட்டர்ல எல்லாம் ஆரம்ப அறிகுறிகள விளம்பரமா போட்டாங்க, போன் பண்ணா உடனே பாக்க ஒரு டீமும் இருந்துச்சு. நோய் வந்தவங்கள்ல பாதிப் பேரு, அது ஆரம்பிச்ச 5 வாரத்துக்குள்ளயே சிகிச்சைக்கு வந்துட்டாங்களாம். அப்புறம் டீம அப்படியே வச்சுட்டு விளம்பரத்த மட்டும் நிறுத்திப் பாத்தா அந்த 5 வாரம் 15 வாரமாயிடுச்சு! அப்போ பேப்பருக்கு எவ்ளோ வேலை இருக்குன்னு பாருங்க.

நம்ம பேப்பர்ல 'சைக்கோ'ன்னு பெரிய எழுத்துல வர்றது கொலைச் செய்திக்குத்தான், எங்கம்மா டாக்டர்கிட்ட போகவே பயந்ததுக்கு அந்த வார்த்தையும் ஒரு காரணம். அத விட்டுட்டு, மாசத்துக்கு ஒரு தடவ மூலைல சின்ன கட்டம் கட்டி அந்த அறிகுறிகளப் போடுங்க.

இப்படிக்கு,
ஒரு அண்ணன்
(பேர் போட வேணாம்னு தம்பி சொல்லிட்டான், லெட்டர படிச்சுட்டு ரெண்டு வரி அடிச்சதும் அவன்தான்)