குடியிருப்போர் சங்க ஆண்டறிக்கை: 2021 ஏப்ரல் முதல் 2022 மார்ச் வரை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும், வழக்கம்போல் வராதிருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

நிர்வாகக் குழு இவ்வாண்டு ஆறு முறை கூடியது. சுதந்திர தினத்தன்று கொடியேற்றி இனிப்பு வழங்கினோம். கொரோனா கட்டுப்பாடுகளால் பொங்கல் விழா நடைபெறவில்லை.

பகுதிக் குறைகளை மக்கள் எடுத்துச் சொல்லும் வார்டு கமிட்டிக் கூட்டங்களைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியுள்ளது. 1993 ஜூன் 1 அன்று நடைமுறைக்கு வந்த 74ஆவது அரசியல் சட்டத் திருத்தம், மூன்று லட்சமும் அதற்கு மேலும் மக்கள்தொகை கொண்ட நகரங்களில் வார்டு கமிட்டிகள் அமைய வேண்டும் என்கிறது. பெங்களூரு மாமன்றத்தின் பதவிக்காலம் 2020 செப்டம்பரில் முடிந்தபின் 198 வார்டுகளிலும் கார்ப்பரேட்டர், அதாவது மக்கள் தேர்ந்தெடுத்த வார்டு உறுப்பினர், கிடையாது என்பதால், முன்பு அவர் வீட்டு வாசலில் நின்று சொன்ன குறைகளை இப்போது மாநகராட்சி நியமித்த நோடல் அதிகாரி நடத்தும் இந்தக் கூட்டத்தில்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. அதுவும் தொற்றுக் காலத்தில் ஜூமுக்கு மாறிவிட்டது.

உறுப்பினர்களுக்குப் பழக்கம் வரட்டும் என்று நான்கு ஞாயிறுகளில் பயிற்சி நடத்தினேன். இலவசக் கணக்கு நாற்பது நிமிடத்தில் தானாகவே நின்றுவிடும். அதில் முப்பது நிமிடம் "கேட்கிறதா, கேட்கிறதா" என்பதிலேயே போயிற்று. நம்மில் பலருக்குக் கன்னடம் சரளமாகப் பேச வரும், எழுத வராது என்பதால், ராஜகால்வாய் என்னும் பெரிய மழைநீர் வடிகாலைத் தூர்வாருதல் குறித்த நம் கோரிக்கையைக் கன்னடத்தில் எழுதி வாங்கி எல்லோருக்கும் வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். அறுபத்திரண்டு வீடுகளில் ஐம்பது வீட்டார் படித்ததற்கு நீல டிக் சாட்சி. கூட்டத்தில் இணைந்தவர்கள் ஐவர். அவர்களில் ஒருவர் பேரனின் விளையாட்டுப் பெயரில் நுழைந்ததால் நம் பகுதிவாசியாகக் கணக்கில் வரவில்லை. ஒரு தெருவே மழைக்கு மழை மிதக்கும் விஷயம், நடவடிக்கைக் குறிப்பில் "சிலர் தெரிவித்தனர்" என்ற ஒற்றை வரியாயிற்று. எழுதியவரை நான் குறைசொல்ல மாட்டேன். ஐவரை வேறு எப்படி எழுதுவது?

ஆனால் அந்த ஐவரில் இருவர், நேரில் கூட்டம் நடந்த காலத்தில் ஒரு முறைகூட வராத இல்லத்தரசிகள். குக்கர் விசில் நடுவே அவர்கள் பேசியதுதான் அன்று தெளிவாக இருந்தது. வீட்டிலுள்ள ஒரே செல்போன் பிள்ளையின் ஆன்லைன் வகுப்புக்குப் போய்விடுவதால் வர இயலவில்லை என்று சிலர் சொன்னதை முழுமனத்தோடு ஏற்கிறேன். மற்றவர்கள் காரணம் சொல்லவில்லை.

ஹெட்செட்டும் டேட்டாவும் வாங்கிய வகையில் ஆயிரத்து எண்ணூறு ரூபாய் செலவானது. அது "செயலாளரின் சொந்த ஆசை" என்று மாடிப்படியில் பேசப்பட்டதாக அறிகிறேன். அந்த ஹெட்செட் பொருளாளர் வீட்டு அலமாரியில் உள்ளது, யாரும் பார்க்கலாம். மற்றபடி வரவும் செலவும் ஏறத்தாழச் சரியாக உள்ளன. இருபத்து மூன்று வீட்டார் சந்தா செலுத்தியிருந்தால் "ஏறத்தாழ" என்ற சொல் தேவைப்பட்டிருக்காது.

ஒத்துழைத்த தலைவருக்கும், பொருளாளருக்கும், கோரிக்கையை எழுதித்தந்த கன்னட ஆசிரியைக்கும் நன்றி.

கூட்டங்கள் இனி நேரில் நடந்தாலும் திரையில் நடந்தாலும், பெயர்ப்பட்டியலில் நம் தெருவிலிருந்து குறைந்தது இருபது பெயர் இருக்க வேண்டும். எனக்குக் கண்புரை அறுவை சிகிச்சை இருப்பதால், இணைப்பு அனுப்பும் வேலையை இளையவர் ஒருவர் ஏற்றால் வசதியாக இருக்கும். எவரும் முன்வராவிட்டால் நானே தொடர்வேன். அப்போது நினைவூட்டல் செய்திகள் நாளொன்றுக்கு மூன்றாகும்.

இப்படிக்கு,
செயலாளர்