அலுமினியப் பெட்டியை விடு, ஹெல்மெட்டைக் கொண்டு வா

கல்லடி,
ஞாயிறு இரவு.

மச்சான் குணா,

உன்ட நீளக் கடிதமும் அந்தச் சாமான் பட்டியலும் வந்து கிடந்து கனநாள். பதில் எழுதாம இருந்ததுக்குக் காரணம் எங்கட கூட்டாளி தவம்தான். அதை மறுகா சொல்றன், முதல்ல மற்றதுகள்.

வீட்டில எல்லாரும் சுகம். அம்மாவுக்கு முழங்கால் நோ அப்படியேதான் இருக்கு. உங்கட அம்மாவை மாமாங்கத்தில கண்டன். மகன் மோட்டார் சைக்கிள்ல நாடு சுத்தப் போறான் எண்டு கோயிலுக்கு வந்த சனம் முழுக்கச் சொல்லி முடிச்சிட்டா. சுத்துறதெண்டா பழைய சிவன் கோயில் ஐந்து ஈச்சரத்தையும் கும்பிட்டுட்டு வாங்க எண்டு எனக்கு உத்தரவு. எங்களுக்குப் படிப்பிச்ச பீற்றர் சேர் இன்னும் சைக்கிள்லதான் திரியிறார். உன்ட பேரைச் சொன்னதும் பழைய கேள்வியையே கேட்டார். நீ வந்து நீயே மறுமொழி சொல்லு.

ஜூலையில வாறது நல்ல முடிவு. மார்கழியில லீவு எடுத்தா வாடை மழைக்குள்ள மாட்டியிருப்பம். 2011 ஜனவரி வெள்ளத்தில வயல் வட்டையும் வீதியும் ஒண்டாக் கிடந்ததைப் பாத்தவன் நான், அந்த மாதங்கள்ல கிழக்கிலயும் வடக்கிலயும் பயணம் வைக்க மனம் வராது. 2022இல நாங்க போட்ட திட்டம் பெற்றோல் இல்லாமச் செத்தது உனக்குத் தெரியும். பங்கீட்டுக் கியூஆரைக் காட்டினா மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர். அதை வச்சுக்கொண்டு பொத்துவிலுக்குப் போய்த் திரும்பவே யோசிச்ச காலம். இனியும் தள்ளிப் போடக் கூடாது மச்சான். வயசும் போகுது.

இப்ப நீ போட்ட கோட்டுக்கு வாறன். பருத்தித்துறை முதல், தேவேந்திரமுனை கடைசி. பீற்றர் சேரின்ட தேசப்படத்தில நீ பேனையால இழுத்து அடி வாங்கின அதே கோடு. அதை அப்படியே மறுபக்கம் திருப்பச் சொல்லிக் கேக்கிறன். தெற்கு முதல், வடக்கு மறுகா. காரணம் கச்சான் காத்து. ஜூலையில அது தென்மேற்கால அடிக்கும், அந்தச் சூட்டை நீ மறந்திருக்க மாட்டாய். நீ சொல்ற மாதிரி யாழ்ப்பாணத்தில இருந்து பூநகரி, மன்னார் எண்டு இறங்கினா அந்த வெளி முழுக்க நெஞ்சில காத்து வாங்கிக்கொண்டு போகணும். மன்னார்ல இருந்து ஏ32 வீதி வழியா ஏறினா அதே காத்து முதுகைத் தள்ளும். சங்குப்பிட்டிப் பாலத்தில, 2011இல திறந்தது, 288 மீற்றர், பக்கக்காத்து ஹேண்டிலைப் பிடிச்சு ஆட்டும். அந்த இடத்தில மட்டும் வேகத்தைக் குறைச்சு, தோளை இறுக்காமப் பிடிச்சா சரி. தெற்கில தணமல்விலயால அம்பாந்தோட்டைக்கு இறங்கேக்க எதிர்க்காத்து இருக்கும்தான். ஆனா அது தொடக்கத்தில வரும். உடம்பில புதுசா இருக்கிற தெம்பு அதைத் தாங்கும்.

பாணமையில இருந்து உகந்தை, குமண, யால எண்டு கடற்கரையாலயே கதிர்காமம் போகலாம், போன் காட்டுது எண்டு எழுதியிருந்தாய். மச்சான், அது காலால போற வழி. ஆடிவேலுக்குப் பாதயாத்திரை போற சனத்துக்குத் திறந்து விடுற காடு. தேசிய வனத்துக்குள்ள மோட்டார் சைக்கிளை விடமாட்டாங்க. கதிர்காமக் கந்தனைப் பாக்கணும் எண்டா புத்தளையால ஒரு வீதி இருக்கு, பகல்ல மட்டும் போவம். அங்கயும் யானை நடுவீதியில நிண்டு தீனி கேக்கும்.

ஆக, என்ட கோடு இதுதான். விடிய வெளிக்கிட்டு கல்முனை, அக்கரைப்பற்று, பொத்துவில். அங்க தோசை. மறுகா ஏ4ஆல லகுகல காட்டை நல்ல வெயில்ல தாண்டி, சியம்பலாண்டுவ, மொனராகலை. அடுத்தது வெல்லவாய, அம்பாந்தோட்டை, தேவேந்திரமுனை. 1890இல ஏத்தின வெளிச்சவீடு, 49 மீற்றர், நாட்டிலயே அதுதான் உயரம். அம்மா சொன்ன ஈச்சரத்தில தொண்டேஸ்வரம் இருந்த இடமும் அதுதான். அங்க இருந்து கதிர்காமம், புத்தளை, வெல்லவாய எண்டு வந்து எல்ல எண்ட மலையூருக்கு ஏறுறம். ஜூலையில ஊவாப் பக்கம் காய்ஞ்சிருக்கும், மழை மலைக்கு மற்றப் பக்கம். அதால வெலிமடை வரைக்கும் சுகமா ஓடலாம். நுவரெலியாவில, 1868 மீற்றர், ரெயின்கோட்டை மேல எடுத்து வைக்கணும். றம்பொடையால கம்பளைக்கு இறங்கேக்க பிறேக்கைப் பிடிச்சுக்கொண்டே இறங்கக் கூடாது, ரெண்டாவது கியர்ல எஞ்சினை விட்டு இறங்கு. பிறேக் ஒயில் பழசெண்டா தண்ணியை இழுத்து வச்சிருக்கும். சூடேறினா கொதிச்சு லீவர் பஞ்சு மாதிரி உள்ள போகும். ரெண்டு பைக்குக்கும் டொட் 4 புதுசா மாத்தி வச்சிருக்கிறன்.

கண்டிக்குப் பிறகு உங்கட அம்மாவுக்காக ஒரு நாள் கூட்டியிருக்கிறன்: குருநாகல், சிலாபம், முன்னேஸ்வரம். அங்க இருந்து புத்தளம், அநுராதபுரம், மன்னார், திருக்கேதீஸ்வரம், பூநகரி, யாழ்ப்பாணம், கீரிமலை, பருத்தித்துறை. திரும்பி ஏ9ஆல வவுனியா, ஹொரவப்பொத்தானை, திருகோணமலை. கோணேசரைக் கும்பிட்டுட்டு கிண்ணியா, மூதூர், வெருகல், வாகரை எண்டு வீடு. பாதை எண்ட மிதவைப் படகில ஏறி, காத்துக்கிடந்து, திரும்ப ஏறின அந்தத் துறைகள் உனக்கு நினைவிருக்கும். 2009இல கிண்ணியாவில 396 மீற்றருக்குப் பாலம் போட்டாங்க. இப்ப நிக்காமலே வரலாம். ஆனா அந்தப் பாலத்தில நிப்பம், உனக்கு அதைக் காட்டணும்.

ஒண்டில மட்டும் நான் இறங்கி வரமாட்டன். கடைசி நாள் ஹபரணையில இருந்து இரவோடிரவா மட்டக்களப்புக்கு ஓடி ஒரு நாளை மிச்சம் பிடிக்கலாம் எண்டு எழுதியிருந்தாய். இல்ல. மின்னேரியா, வெலிக்கந்தை, புணாணை எல்லாம் யானை குறுக்கறுக்கிற இடம். 80இல ஓடினா ஒரு செக்கனுக்கு 22 மீற்றர் போறாய். நீ கண்டு, விளங்கி, பிறேக்கில கை வைக்கவே அந்த ஒரு செக்கன் போயிடும். மறுகா பைக் நிக்கிறதுக்கு அதைவிடக் கூடத் தூரம் வேணும். எங்கட பைக்குகளின்ட டிம் வெளிச்சம் அவ்வளவு தூரம் எட்டாது. கறுத்த மிருகம், தார் வீதி, பின்னால காடு. இந்தக் கணக்கில எங்களுக்கு மிச்சமில்ல. பின்னேரம் நாலு மணிக்கு எங்க நிக்கிறமோ அங்கயே படுக்கை. இதுக்குச் சம்மதமில்லையெண்டா சொல்லு, ரெண்டு பேரும் பஸ்ஸில போவம்.

இனி உன்ட பட்டியல். அலுமினியப் பெட்டி மூண்டு, கெமரா, வழிகாட்டிப் பெட்டி, காதுக்குள்ள கதைக்கிற கருவி, முழங்கால் உயரச் சப்பாத்து, எல்லாம் பாத்தன். கண்காட்சிக்குப் போறமா நாங்க? என்ட எஃப்.இசட். பைக்கை உனக்குத் தாறன், தம்பியின்ட பல்சரை நான் எடுக்கிறன். ரெண்டும் பெட்டி சுமக்கச் செஞ்ச வண்டியில்ல. பின்பாரம் கூடினா முன்சில்லு லேசாகும். காத்தான்குடிச் சந்தைக்குள்ள அந்த அகலத்தோட நுழையவும் ஏலாது. சீற்றுக்குக் குறுக்கால போடுற துணிப்பை ஒண்டு, உள்ளுக்கு உடுப்பைத் தடிச்ச பொலித்தீன்ல சுத்தி வச்சாப் போதும். பல்சருக்கு டியூப் டயர், உன்டதுக்கு டியூப்லெஸ். அதனால ஒட்டுச் சாமானும் வேணும், திரி குத்துற ஊசியும் வேணும். அதோட கைப் பம்ப், கிளச் வயர், பிளக், செயின் ஒயில். அது என்ட பொறுப்பு. டயரும் ரெண்டுக்கும் மாத்தப் போறன். ஒரு கடையில புதுசெண்டு காட்டின டயர்ல பக்கத்தில இருக்கிற நாலு இலக்கத்தைப் பாத்துட்டுத் திருப்பிக் குடுத்தன். 2319 எண்டிருந்தா 2019ஆம் ஆண்டு 23ஆவது கிழமையில செஞ்சது எண்டு அர்த்தம். றபருக்கும் வயசு இருக்கு, பளபளப்பைப் பாத்து ஏமாறக் கூடாது.

நீ அங்க இருந்து கொண்டுவர வேண்டியது ஹெல்மெட்.

போன மாதம் தவம் கரடியனாறு தாண்டி விழுந்துட்டான். வட்டையால வரேக்க மாடு குறுக்க வந்தது. பெரிய வேகமும் இல்லையாம். தலையில ஹெல்மெட் இருந்தது, பெல்ட் பூட்டல்ல. விழேக்க அது ஒரு பக்கம் உருண்டுது, அவன் ஒரு பக்கம். உயிர் தப்பினான். கையும் காலும் நல்லா இருக்கு. ஆனா பேச்சு இல்ல மச்சான். எங்கட தவம், வில்லுப்பாட்டில எல்லாரையும் கட்டிப் போட்டவன், இப்ப ஒரு சொல்லுக்கு உதட்டை அசைச்சு அசைச்சுக் களைக்கிறான். நான் போய்க் கதைச்சதும் சிரிச்சான், என்ட பேர் வரல்ல. நீ வாறாய் எண்டு சொன்னன். கனநேரம் பாத்துக்கொண்டிருந்துட்டு, "குணா... பைக்" எண்டான். அவன்ட மனிசி எழும்பிக் குசினிக்குள்ள போயிட்டா. அதுக்குப் பிறகு உன்ட பட்டியலை எடுத்து வாசிக்க எனக்குக் கை வரல்ல.

இப்ப வாசிச்சுட்டன். அந்தப் பெட்டிக் காசை இதில போடு. முழு முகம் மூடுற ஹெல்மெட், இ.சி.இ. 22.06 எண்ட பாதுகாப்புத் தரம் உள்ளது. கண்ணாடி வெள்ளை, கறுப்பு வேண்டாம். பெல்ட்டுக்கு ரெண்டு வளையம் உள்ளது நல்லம், ஒருக்காப் பழகினா இருட்டிலயும் பூட்டலாம். கன்னத்தை நெரிக்கிற இறுக்கம் வேணும், போட்டுத் தலையை ஆட்டினா அது தனிய ஆடக் கூடாது. பாவிச்சது மலிவா வருது எண்டு வாங்காத: உள்ளுக்கு இருக்கிற நுரை ஒருக்கா அடிபட்டு நசிஞ்சா மறுகா எழும்பாது, வெளிய ஒரு கீறலும் தெரியாது. உலகத்து ஆய்வுகளைச் சேர்த்துப் பாத்தவங்க, ஹெல்மெட் சாவை 42 வீதமும் தலைக்காயத்தை 69 வீதமும் குறைக்குது எண்டு கணக்குச் சொல்லியிருக்கிறாங்க. பூட்டினவனுக்குத்தான் அந்தக் கணக்கு.

ஜக்கெட் எண்டா வலைத்துணியில, தோளுக்கும் முழங்கைக்கும் முதுகுக்கும் காப்பு வச்சது. தோல் ஜக்கெட் இந்த வெயிலுக்கு ஆகாது. உள்ளுக்கு நனைச்ச பனியன் போட்டா ஒரு மணித்தியாலம் குளிரும். கையுறை கட்டாயம், விழுறவன் முதல்ல கையைத்தான் ஊண்டுவான். சப்பாத்து கணுக்காலை மூடினாக் காணும்.

உன்ட லைசனையும் எடுத்துப் பார். எட்டு வருஷம் முடிஞ்சிருந்தா இஞ்ச வந்து புதுப்பிக்க நாள் வேணும். அதில ஏ வகுப்பு இருக்கா, ஏ1 மட்டும் இருக்கா எண்டும் பார். ஏ1 100 சிசி வரைக்கும்தான், எஃப்.இசட்.க்குச் செல்லாது.

ஹெல்மெட் மூண்டு வேணும் மச்சான். மூண்டாவது தவத்தின்ட மூத்த பொடியனுக்கு. தகப்பன்ட பைக்கை இப்ப அவன்தான் ஓடுறான், வயலை அவன்தான் பாக்கிறான். புருவத்துக்கு மேலால நூலைச் சுத்தி அளந்தன். அவனுக்கு 57 சென்ரிமீற்றர், எனக்கு 59. உன்ட தலையையும் அப்படி அளந்து வாங்கு, கடைக்காரன் சொல்ற அளவை நம்பாத. விலை எவ்வளவு எண்டு எழுது, என்டதையும் பொடியன்டதையும் நான் தருவன். அதில கதை வேண்டாம்.

டிக்கெட் போட்டதும் திகதியை அனுப்பு. மொனராகலையில மாமாவுக்குச் சொல்லணும்.

அன்புடன்,
உன் சிவா