பழைய ரிடிமில் உன் குரல்

அன்பு மலருக்கு,

"வாசிக்கிறவங்களுக்குக் குடுக்கக் காசு இல்லப்பா, ஆல்பத்த அப்புறம் பாத்துக்கலாம்" என்று நேற்று சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டாய். எனக்குத் தூக்கமே வரவில்லை. நேரில் சொன்னால் குறுக்கே பேசுவாய், அதனால் எழுதுகிறேன்.

சுகர் மைனாட் பாட்டை நான் ஓயாமல் போடுவேனே, அவர் கதையை உனக்குச் சொன்னதில்லை. 1956இல் ஜமைக்காவின் கிங்ஸ்டனில் பிறந்தவர், அந்த ஊர் இசையான ரெகே பாடியவர். எழுபதுகளில், காக்ஸன் டாட் நடத்திய 'ஸ்டுடியோ ஒன்' என்ற ஒலிப்பதிவுக் கூடத்துக்குப் பாடப் போனார். அறுபதுகளில் பதிவான டிரம்ஸ், பேஸ், கிட்டார் எல்லாம் அங்கே டேப்பில் தூங்கிக்கொண்டிருந்தன. மைனாட் அந்த டேப்பை ஓடவிட்டு, அதன்மேல் தன் சொல்லும் தன் மெட்டுமாகப் பாடினார். பாட்டுக்கு அடியில் ஓடும் இந்த வாத்திய இசையைத்தான் அங்கே ரிடிம் என்பார்கள். ஆல்டன் எல்லிஸ் பாடிய பழைய பாட்டு ஒன்றின் ரிடிம்தான் மைனாட்டின் 'வேனிட்டி' பாட்டுக்கு அடியில் ஓடுகிறது. கேட்டுப் பார், இரவல் மாதிரியா இருக்கிறது? ஒரே ரிடிமில் பத்துப் பேர் பத்துப் பாட்டுப் பாடுவது அந்த ஊர் வழக்கம். 1978இல் வந்த 'லைவ் லவ்விங்' ஆல்பத்தை அவர் இப்படித்தான் செய்தார். பிற்பாடு டான்ஸ்ஹால் என்று ஊரே ஆடிய இசைக்கு அது ஒரு தொடக்கம்.

பிறகு அவரே தயாரிப்பாளர் ஆனார். 'பிளாக் ரூட்ஸ்' அவருடைய இசைத்தட்டு நிறுவனம். 1981இல் மைக்கேல் ஜாக்சன் முன்பு பாடிய ஒரு பாட்டை ரெகேயில் பாடி, பிரிட்டன் பாட்டு விற்பனைப் பட்டியலில் 4ஆம் இடம் வரை போனார். அந்தப் புகழை மட்டும் பிடித்துக்கொண்டு ஓடியிருக்கலாம். அவரோ 'யூத் புரமோஷன்' என்று ஒன்றை நடத்தி, வாய்ப்புக் கிடைக்காத ஏழைப் பிள்ளைகளைக் கூட்டிவந்து பாடவைத்தார். ஜூனியர் ரீட், டெனர் சா, யாமி போலோ எல்லாரும் அவர் நிழலில் வளர்ந்தவர்கள்தான். எனக்கு அவருடைய பாட்டைவிட இதுதான் பெரிதாகத் தெரிகிறது. 2010இல் போய்விட்டார், 54 வயதுதான்.

கல்லூரியில் உன் கூட்டாளிகள் வாசித்துப் பதிவுசெய்த டிராக்குகள் இன்னும் உன் லேப்டாப்பில்தானே இருக்கின்றன? அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு, அதன்மேல் பாடு. இன்றைய மலராகப் பாடு.

மைக்குக்கு ஐயாயிரம் போட்டிருக்கிறேன். அம்மாவுக்கும் தெரியும். ஞாயிற்றுக்கிழமைக்குள் ஒரு பாட்டு அனுப்பும்மா, அரைகுறையாக இருந்தாலும் சரி.

அப்பா