அனுமதிக் கடிதம் ஒரு பீரோவில், ஐ.எஸ்.ஓ. ஃபைல் இன்னொரு பீரோவில்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு தங்கள் நாளிதழுடன் இலவசமாக வந்த தொழில் வளர்ச்சிச் சிறப்பிதழைப் படித்தேன். அதில் செய்தி எது, விளம்பரம் எது என்று பிரித்துப் பார்ப்பது என் வேலையல்ல. ஆனால் எங்கள் பகுதித் தொழிற்பேட்டையைப் பற்றிய கட்டுரையில், இங்குள்ள ஆலைகள் முறையான சுற்றுச்சூழல் அனுமதியும் ஐ.எஸ்.ஓ. 14001 என்ற சுற்றுச்சூழல் மேலாண்மைச் சான்றிதழும் பெற்றவை என்பதால் பொதுமக்கள் அச்சப்படத் தேவையில்லை என்று ஒரு வரி போட்டிருக்கிறீர்கள். எழுதிய நிருபர் சின்னப் பையனாக இருக்கலாம். அச்சுக்கு அனுப்பிய தங்களுக்குமா தெரியாது?

நான் ஒரு ரசாயன ஆலையின் ஈ.டி.பி. (கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம்) ஆய்வகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். ஆலையின் பெயர் வேண்டாம். எங்கள் ஊர்ப் பிள்ளைகள் இன்னும் அங்கே ஷிஃப்டுக்குப் போகிறார்கள். அந்த அனுமதியும் அந்தச் சான்றிதழும் ஒன்றையொன்று பார்த்ததே இல்லை. அனுமதிக் கடிதம் நிர்வாகப் பிரிவு பீரோவில் இருந்தது. ஐ.எஸ்.ஓ. ஃபைல் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் இருந்தது. ஆலையால் என்ன பாதிப்பு வரும் என்று கணித்து, அனுமதி கேட்கும்போது கொடுக்கும் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிக்கையை எழுதியது ஒரு கன்சல்டன்ட். அனுமதி வந்ததும் பில் வாங்கிக்கொண்டு போய்விட்டார். சில வருஷம் கழித்து ஐ.எஸ்.ஓ.வுக்கு வந்தவர் வேறு கன்சல்டன்ட். அவர் வேறெங்கோ தயாரித்த மேனுவலில் ஆலையின் பெயரை மட்டும் மாற்றிக் கொடுத்தார் என்பது எங்களுக்கெல்லாம் தெரியும், ஒரு பக்கத்தில் பழைய பெயர் அப்படியே இருந்தது. அதில் கண்டிருந்த இலக்குகள் என்ன தெரியுமா? கேன்டீனில் பேப்பர் கப்பைக் குறைப்பது, மதிய இடைவேளையில் ஆபீஸ் விளக்கை அணைப்பது. அனுமதிக் கடிதம் நிலத்தடி நீரைப் பற்றிப் போட்டிருந்த நிபந்தனைகளில் ஒன்றுகூட இல்லை.

ஒரு நிபந்தனையைச் சொல்கிறேன். ஆலை வளாகத்தின் வடமேற்கு மூலையில் நிலத்தடி நீரைக் கண்காணிக்க ஒரு போர் (ஆழ்துளைக் கிணறு) போட்டு, அதன் தண்ணீரைக் குறித்த கால இடைவெளியில் சோதிக்க வேண்டும். போட்டார்கள், சோதித்தோம். பின்னால் அந்த மூலையில் புது குடோன் கட்டினார்கள். போர், சிமென்ட் தரைக்கு அடியில் போய்விட்டது. அதன் பிறகும் அரசுக்குக் கொடுக்கும் ஆறு மாத அறிக்கையில் அந்த போரின் டி.டி.எஸ். (நீரில் கரைந்த உப்புகள்), குளோரைடு அளவுகள் தவறாமல் வந்துகொண்டிருந்தன, எல்லாம் வரம்புக்குள். எந்த வாளியில் யார் மொண்டார்களோ! ஐ.எஸ்.ஓ. ஆடிட்டர் வருஷா வருஷம் வந்தார். அந்த குடோனில் நின்றுதான் டிரம்களுக்கு லேபிள் ஒட்டியிருக்கிறதா என்று பார்த்தார். சட்டங்களின் பட்டியல் வைத்திருக்கிறீர்களா என்று கேட்டார், வைத்திருந்தோம், டிக் அடித்தார். அனுமதிக் கடிதத்தைக் கொண்டுவாருங்கள், வரிக்கு வரி பார்ப்போம் என்று ஒருவரும் கேட்கவில்லை.

ஐ.எஸ்.ஓ. 14001 மாசுக்கு வரம்பு எதையும் விதிப்பதில்லை. நீங்களே இலக்கு வையுங்கள், உங்களுக்குப் பொருந்தும் சட்டத்தை மதியுங்கள், அளந்து பாருங்கள், திருத்திக்கொள்ளுங்கள் என்று சொல்கிறது. நல்ல முறைதான், நான் குறை சொல்லமாட்டேன். அந்த இலக்குகள் எங்கிருந்து வரவேண்டும்? தாக்க மதிப்பீட்டு அறிக்கையில் மேலாண்மைத் திட்டம் என்று ஒரு அத்தியாயமே இருக்கிறது. இன்னின்ன பாதிப்பு வரும், இதைச் செய்து தடுப்போம், இங்கே அளப்போம், இத்தனை ரூபாய் ஒதுக்குவோம் என்று கம்பெனியே எழுதிக் கொடுத்த வாக்குறுதி அது. அந்த அத்தியாயமும் அனுமதி நிபந்தனைகளும்தான் ஐ.எஸ்.ஓ. ஃபைலின் முதல் பக்கமாக இருக்க வேண்டும். அளந்த கணக்கை எடுத்து, அன்று அறிக்கை கணித்ததோடு பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். நான் வேலை பார்த்த காலம் முழுக்க இந்த இரண்டு தாள்களும் ஒரே மேஜையில் இருந்து பார்த்ததில்லை.

அந்தக் கணிப்பின் லட்சணமும் தாங்கள் அறிந்ததே. பெரும்பாலான திட்டங்களுக்கு ஒரே ஒரு பருவத்து அளவு போதும், அதுவும் மழைக்காலம் தவிர்த்து. எங்கள் ஊரில் ஏரி நிரம்பி ஆலைப்பக்கத் தண்ணீர் வயலில் இறங்குவதே ஐப்பசி கார்த்திகையில்தான். இவர்கள் மார்ச்சிலிருந்து மே வரை அளந்து, முப்பது வருஷத்துக்கு ஜாதகம் கணிக்கிறார்கள். கணித்தது பலித்ததா என்று பின்னால் பார்க்கும் ஏற்பாடாவது வேண்டாமா?

ஏற்பாடு காகிதத்தில் இருக்கிறது. சுற்றுச்சூழல் அனுமதி பற்றி மத்திய அரசு வெளியிட்ட 2006 செப்டம்பர் 14 அறிவிக்கையின்படி ஒவ்வொரு ஆண்டும் ஜூன் 1, டிசம்பர் 1 தேதிகளில் நிபந்தனை நிறைவேற்ற அறிக்கை தரவேண்டும். அவை பொது ஆவணங்கள், யார் விண்ணப்பித்தாலும் நகல் தரவேண்டும் என்றும் அதிலேயே இருக்கிறது. ஓய்வு பெற்ற பிறகு எங்கள் ஊர்ப் பக்கத்து ஆலை ஒன்றின் அறிக்கையைக் கேட்டு ஒரு அலுவலகத்துக்குப் போனேன். 'ஆர்.டி.ஐ. போடுங்க சார்' என்றார்கள். போட்டேன். பதில் வந்தது: கோப்பு வேறு அலுவலகத்தில் உள்ளது. அந்த வேறு அலுவலகம் என்னை மறுபடி முதல் அலுவலகத்துக்கே அனுப்பியது. 2020-ல் வந்த வரைவு அறிவிக்கை இந்த ஆறு மாத அறிக்கையை ஆண்டுக்கு ஒருமுறை ஆக்கப் பார்த்தது. யாரும் படிக்காத ஒன்றை எதற்கு இரண்டு முறை என்று நினைத்தார்களோ என்னவோ.

இதைத் தாங்கள் எழுதியிருக்கலாம். இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர், சுற்றுச்சூழல் அனுமதியையும் அதன் பிந்தைய கண்காணிப்பையும் தனியாக ஆய்ந்து 2016-ஆம் ஆண்டின் 39-ஆம் எண் அறிக்கையில் குறைகளைச் சொன்னார். அதைத் தங்கள் மாவட்டப் பக்கத்தில் நான் பார்க்கவில்லை. பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டத்துக்கு மட்டும் நிருபர், போட்டோகிராபர் எல்லாம் வருகிறார்கள். யார் மைக்கைப் பிடுங்கினார், யார் வெளிநடப்பு செய்தார் என்பது மூன்று பத்திச் செய்தி. 30 நாள் முன்பு வந்த அறிவிப்பு, டெண்டர் விளம்பரங்களுக்கு நடுவே பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்கும் எழுத்தில். கலெக்டர் எழுந்து போனதும் உங்கள் கேமராவும் போய்விடுகிறது. அதற்குப் பிறகு ஆலை ஓடும் அத்தனை வருஷமும் உங்களுக்குச் செய்தியில்லை, ஏதாவது கசிந்தாலொழிய. 2023 டிசம்பரில் எண்ணூரில் வெள்ளத்தோடு எண்ணெய் வந்தது, அந்த மாதமே நள்ளிரவில் அம்மோனியா கசிந்தது. மூச்சு முட்டி ஓடி வந்த ஜனங்களின் படங்களைப் பெரிதாகப் போட்டீர்கள். அந்த ஆலைகளின் ஆறு மாத அறிக்கைகளில் என்ன எழுதியிருந்தது என்று போட்டீர்களா?

இதையெல்லாம் முன்பே ஒரு கடிதத்தில் எழுதியிருந்தேன். கோலப்போட்டியில் பரிசு பெற்றவர்களின் படங்களுக்கு இடம் தேவைப்பட்டதால் அதை வெளியிட முடியாமல் போயிருக்கும் என்று புரிந்துகொண்டேன்.

பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. ஜூன், டிசம்பர் இரண்டு மாதங்களிலும் முதல் வாரத்தில் மாவட்டப் பக்கத்தில் ஒரு பெட்டிச் செய்தி போடுங்கள். நம் மாவட்டத்தில் எந்தெந்த ஆலை அறிக்கை கொடுத்தது, எது கொடுக்கவில்லை, பொதுமக்கள் நகல் வாங்க எந்த அலுவலகத்துக்குப் போகவேண்டும், இவ்வளவுதான். உங்கள் நிருபர் போய்க் கேட்டால் ஆர்.டி.ஐ. போடச் சொல்லமாட்டார்கள். அப்படியே, அச்சப்படத் தேவையில்லை என்று எழுதிய தம்பியை எங்கள் ஊருக்கு அனுப்பி வையுங்கள். எந்த போரில் தண்ணீர் குடிக்கலாம், எதில் மாட்டுக்குக்கூட வைக்க முடியாது என்று காட்டுகிறேன். வரும்போது கையில் ஒரு வாட்டர் பாட்டில் கொண்டுவரச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ஆய்வக ஊழியர் ஒருவர்
(பெயர், முகவரி தங்கள் அலுவலகத்துக்கு மட்டும்)