ஒட்டுக்குச்சிகளை அன்றைக்கே விடுவியுங்கள்

விமான நிலையச் சரக்குப் பிரிவில் தாவரச் சோதனைப் பொறுப்பிலிருக்கும் அதிகாரிகளுக்கு,

வணக்கம். போன வாரம் நடந்தது உங்களுக்குத் தெரியும். இங்கிலாந்தின் ரீடிங் பல்கலைக்கழகக் கோகோ தனிமைப்படுத்தல் மையத்திலிருந்து, ஒட்டுக் கட்டுவதற்காக மொட்டோடு வெட்டிய கோகோக் குச்சிகளுடன் வந்த பெட்டி வெள்ளிக்கிழமை மாலை இறங்கியது. செவ்வாய்க்கிழமைதான் எங்கள் கைக்குக் கிடைத்தது.

நானேதான் பிரித்தேன். இரு முனையிலும் மெழுகு தொட்டு, ஈரத்தாளில் சுற்றி, அவ்வளவு பக்குவமாக அனுப்பியிருந்தார்கள். கத்தி நுனியால் ஒரு குச்சியைச் சுரண்டினேன். பச்சையாக இருக்க வேண்டிய இடம் காபித்தூள் நிறத்தில் இருந்தது. பட்டை உரியவில்லை. மொட்டு தொட்டதும் உதிர்ந்தது. கடைசிக் குச்சிவரை அப்படித்தான். ஒட்டுக் கட்டுவதற்காக ஆறு மாதமாக வளர்த்த நாற்றுகள் வரிசையாக நிற்கின்றன.

கோகோ விதையை நெல்லைப்போலக் காயவைத்துச் சேமிக்க முடியாது, காய்ந்தால் முளைக்காது. அதனால்தான் குச்சியாகத் தருவிக்கிறோம். குச்சிக்கும் உயிர் சில நாள்தான். தயவுசெய்து வந்த அன்றைக்கே சோதித்து விடுவியுங்கள்.

விதியைத் தளர்த்தச் சொல்லவில்லை, அதை நான் கேட்கவே மாட்டேன். கானாவில் 1936இல் தெரியவந்த தண்டு வீக்க வைரஸை ஒழிக்க, காலப்போக்கில் 20 கோடி மரங்களுக்கு மேல் வெட்டினார்கள். பிரேசிலின் பாஹியாவில் 1989இல் தென்பட்ட துடைப்ப நோய் என்ற பூஞ்சை நோய் தோட்டம் தோட்டமாக வாரிக்கொண்டு போனது. அந்தப் பயத்தில்தான் ரீடிங்கில் ஒவ்வொரு ரகத்தின் மொட்டையும், வைரஸ் இருந்தால் அறிகுறியை வெளியே காட்டிவிடும் அமெலோனாடோ என்ற கோகோ ரகத்தின் நாற்றில் ஒட்டி, இரண்டு வருடம் இலை இலையாகப் பார்த்துவிட்டு வெளியே விடுகிறார்கள். இங்கே நாங்களும் பூச்சி புகாத வலைக்குடிலில் வைத்து, தண்டு வீக்க வைரஸைப் பரப்பும் மாவுப்பூச்சி ஒன்று கண்ணில் பட்டாலும் பதிவேட்டில் எழுதுகிறோம். இவ்வளவும் தாண்டி வந்த குச்சி, ஒரு கையெழுத்துக்காகச் சரக்குக் கூடத்து வெக்கையில் கிடந்து சாகலாமா?

சனி, ஞாயிறு போனை யாரும் எடுக்கவில்லை. திங்கட்கிழமை நேரில் வந்தால் கோப்பு வேறு மேசையில் என்றார்கள். நம் அலுவலகங்களில் உயிருள்ள பொருளும் இரும்புச் சாமானும் ஒரே வரிசையில்தான் காத்திருக்கின்றன. எத்தனை நாற்று, எத்தனை விதை இப்படிப் போயிருக்கும்! சரி, அதை இன்னொரு நாள் பேசலாம்.

சந்தேகம் இருந்தால் பெட்டிக்கு முத்திரையிட்டு எங்கள் குடிலுக்கு அனுப்புங்கள். அங்கே எத்தனை மாதம் நிறுத்தி வைக்கச் சொன்னாலும் வைத்துப் பராமரிக்கிறோம்.

மறுபடி குச்சி கேட்டு ரீடிங்குக்கு எழுதியிருக்கிறேன். பெட்டி வரும் நாளை உங்களுக்கு முன்கூட்டியே தெரிவித்துவிடுவேன். அது ஞாயிற்றுக்கிழமையாக இருந்தாலும் அன்று ஒருவரைப் பணியில் வைக்கும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
கோகோ தனிமைப்படுத்தல் நிலையப் பொறுப்பாளர்