மண்ணுளி என்று கையில் எடுக்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

மேலூர், திருமங்கலம், உசிலம்பட்டி பக்கமிருந்து சவூதிக்கும் ஓமனுக்கும் தோட்ட வேலை, கட்டட வேலைக்குப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறோம்.

நம் ஊரில் மண்ணைக் கொத்தும்போது அகப்படுவது பெரும்பாலும் மண்ணுளிப் பாம்பு, இல்லையென்றால் மண்புழு மாதிரி இருக்கும் புழுப்பாம்பு. இரண்டுக்கும் விஷம் கிடையாது. அதனால் மண்ணுக்குள் கிடப்பது ஒன்றும் செய்யாது என்று கையில் தூக்கிப் பழகிவிட்டோம். (மண்ணுளியைப் பிடிப்பதே 1972 வன உயிரினச் சட்டப்படி குற்றம் என்பது வேறு.) அரபு நாட்டில் இந்தப் பழக்கம் உயிரை வாங்கிவிடும்.

அங்கே மண்ணுக்குள் வாழும் விஷப் பாம்பு உண்டு, அட்ராக்டாஸ்பிஸ் இனம். சவூதி, ஜோர்டான், இஸ்ரேல் பகுதிகளில் ஒரு வகை. சவூதியின் தென்மேற்கு, ஏமன், ஓமனில் இன்னொரு வகை. பளபளக்கும் கறுப்பு நிறம், இரண்டு, இரண்டரை அடி நீளம். தலை சின்னது, கழுத்து தனியாகத் தெரியாது, கண் கடுகளவு. பாலைவனப் பாம்பு என்றாலும் தண்ணீர் பாயும் தோட்டங்களிலும் கல்லடியிலும் இருக்கும். இரவில்தான் வெளியே வரும்.

கழுத்தைப் பிடித்துவிட்டால் பாம்பு கடிக்காது என்பார்கள். இதனிடம் அது பலிக்காது. வாயைத் திறக்காமலே நீண்ட பல் ஒன்றை உதட்டோரம் வெளியே நீட்டி, தலையைப் பக்கவாட்டில் பின்னுக்கு இழுத்துக் குத்தும். தலைக்குப் பின்னால் பிடித்திருக்கும் விரலிலேயே குத்து விழும். பெரும்பாலும் ஒற்றைப் புள்ளிதான் தெரியும். இரண்டு பல் தடம் இல்லையே என்று அசட்டையாக இருக்கக் கூடாது.

இதன் விஷத்தில் உள்ள சரஃபோடாக்சின், இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய்களைச் சுருக்கிவிடும். வலி, வீக்கத்தோடு வாந்தி, வியர்வை, இதயத் துடிப்பில் தடுமாற்றம் வரும். சில மணி நேரத்தில் இறந்தவர்களும் உண்டு. மற்ற பாம்புக் கடிக்குப் போடும் விஷமுறிவு ஊசி இதற்குக் கேட்காது. அதனால் இ.சி.ஜி. வைத்துக் கண்காணிக்கும் வசதியுள்ள பெரிய ஆஸ்பத்திரிக்கே நேராகப் போக வேண்டும். சவூதியில் ஆம்புலன்ஸ் எண் 997. மோதிரம், வாட்சைக் கழற்றிவிட்டு, கையை அசைக்காமல் வைத்திருங்கள். இறுக்கிக் கட்டுவது, கீறுவது, உறிஞ்சுவது எதுவும் வேண்டாம். "கறுப்பு, மண்ணுக்குள் இருந்தது" என்று டாக்டரிடம் சொன்னால் பாதி வேலை முடிந்தது.

வெளிநாடு போகும் தொழிலாளர்களுக்கு நடத்தும் முன்பயிற்சியில் விசா, சம்பள விவரத்தோடு இந்தப் பாம்பின் படத்தையும் காட்ட அரசு ஏற்பாடு செய்ய வேண்டும். மண் வேலைக்கு முரட்டுத் தோல் கையுறையும் பூட்ஸும் கொடுக்கச் சொல்லி முதலாளியிடம் கேட்கவும் அங்கேயே சொல்லித்தர வேண்டும்.

இப்படிக்கு,
பாம்பு மீட்புத் தன்னார்வலர்கள்,
திருமங்கலம், மதுரை மாவட்டம்.